சிவப்புக் கொம்பு

திருவேங்கடத்தின் வீட்டுக் கோழிக்கூண்டு முழுக்க முழுக்கத் தார்க்குச்சி ஆணிகளால் அடித்தது. மாட்டை ஓட்டுகிற குச்சியின் நுனியில் வண்டிக்காரர்கள் ஓர் ஆணியைச் செருகி வைத்திருப்பார்கள். மாடு சுணங்கினால் தொடையில் ஒரு குத்து, வண்டி நகரும். அந்த ஆணிகளைப் பிடுங்குவதுதான் திருவேங்கடத்தின் உத்தியோகம். பிடுங்கியதை வழியில் எறிந்தால் வேறொருவன் பொறுக்கிக்கொள்வான் என்று சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பை ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. அவர் மனைவி அலமேலு தைத்துத் தைத்துச் சலித்துப்போய், ஆணிகளைத் தகர டப்பாவில் சேர்த்து, ஒரு நாள் தானே சுத்தியலை எடுத்துக் கூண்டு அடித்துவிட்டாள். தீவின் வடக்கே ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் கடைக்குப் போய் ஆணி வாங்காத ஒரே வீடு அதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இப்படி ஓர் உத்தியோகம் உண்டு என்பதே அந்த ஊருக்கு வெகுநாள் விளங்கவில்லை. கியூர்பிப்பில், எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் அந்தக் குளிர்ந்த மேட்டில், ஏழெட்டு பிரெஞ்சுச் சீமாட்டிகளும் இரண்டு கனவான்களும் கூடி ‘வாயில்லா நண்பர்கள் சங்கம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். அதன் செயலாளர் மதாம் ஜெனெவியேவ். போ பசானில் அவர்களுக்கு வேலி போட்ட ஒரு தோட்டம் இருந்தது. முடமான கழுதை, கண்ணியில் சிக்கிக் கால் போன குரங்கு, புயலில் சிறகொடிந்த கடல்பறவை, இழுத்து இழுத்து ஓய்ந்துபோன மாடு எல்லாம் அங்கே வந்து சேரும். வடக்கு வட்டாரத்துக்கு இன்ஸ்பெக்டர் திருவேங்கடம். சங்கம் அவருக்குக் கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு பித்தளை வில்லை, ஒரு புட்டி கார்பாலிக் மருந்து. மிச்சத்தை அவருடைய இரண்டு கால்கள் பார்த்துக்கொண்டன.

முதல் வருஷம் பட்ட பாட்டை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும். வாசலில் நின்று, “சொசியேத்தேலேருந்து வந்திருக்கேன்” என்பார். சங்கத்துக்குக் கிரியோலில் சொசியேத்தே. ஆனால் அந்த ஊர்த் தமிழர்களுக்கு சொசியேத்தே என்றால் ஒன்றே ஒன்றுதான், கோயில் சங்கம். உடனே வீட்டுக்காரி உள்ளே ஓடி ஒரு படி அரிசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து, “காவடிக்கா, தீமிதிக்கா?” என்று கேட்பாள். இல்லையம்மா, உங்கள் மாட்டின் கழுத்தைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் அந்த முகம் இறுகிப்போகும். அரிசி திரும்ப உள்ளே போய்விடும். பிறகு ஊரே ஒரு வழி கண்டுபிடித்தது. வாசலில் தொப்பியைப் பார்த்தவுடன், “நம்ம சொசியேத்தேயா, அவங்க சொசியேத்தேயா?” என்று கேட்பார்கள். அவங்க சொசியேத்தே என்றால் மாடு கொல்லைப்புறமாய்க் கிளம்பிவிடும்.

அவரும் ஒரு காலத்தில் வண்டிக்காரர்தான். யோக்கியமான வண்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை. கரும்பு வெட்டும் காலத்தை அங்கே லாகூப் என்பார்கள். அந்த ஐந்தாறு மாதமும் தோட்டத்துக்கும் மில்லுக்கும் இடையே வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. நுகத்தடி உரசி மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். புண்ணோடு வண்டி கட்டினால் போலீஸ் கேஸ். அதனால் வண்டிக்காரர்கள் விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் புண்ணின் மேல் பூசிவிடுவார்கள். கறுத்த மாடு என்றால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. அந்தக் கரிப் பூச்சில் திருவேங்கடம் கைதேர்ந்தவர். அடுத்த வண்டிக்காரர்கள் அவரிடம் வந்து பூசிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் மில் சாலையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குதிரை வண்டியை விட்டு இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அவருடைய மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். வெள்ளைக் கையுறை. எடுத்தபோது அடுப்படித் துணி போல இருந்தது. கையுறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கேஸ் வரும் என்று ஆறு வாரம் காத்திருந்தார், வந்தது வேலை. “மறைப்பது எப்படி என்று உனக்குத் தெரிகிறது. அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரியும்” என்றாள் அந்த அம்மாள், மதாம் ஜெனெவியேவ். அவருடைய பெயரை அவள் ‘திர்வங்காடோம்’ என்று சொன்னாள். கடைசிவரை அப்படித்தான் சொன்னாள்.

வேலைக்கு வந்தபின் அவர் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. தேடிப் பிடித்துக் கேஸ் போட்டால் கரிப் பூச்சு இன்னும் கெட்டியாகும், அவ்வளவுதான். புண் அடியில் அழுகும். அதனால் அவராகவே, கியூர்பிப்புக்குச் சொல்லாமல், ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மறைத்தால் கேஸ், தானாகக் காட்டினால் கேஸ் இல்லை. காட்டின மாட்டுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைத்து, ஈ மொய்க்காமல் சுற்றிலும் தார் தடவி, மூன்று வாரம் ஓய்வு. அந்த மூன்று வாரமும் அடுத்த வீட்டு மாடு இந்த வீட்டுக் கரும்பை இழுக்க வேண்டும். அதைப் பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. முதல் மூன்று வருஷம் ஒருவரும் நம்பவில்லை. பத்தாவது வருஷத்தில், அவர் தெருவில் நுழைந்தால் பெண்களே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, “இந்தாங்க, பாருங்க” என்று கழுத்தைத் திருப்பிக் காட்டுகிற அளவுக்கு வந்தது. வாழ்க்கையில் அவர் சம்பாதித்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சீட்டுத் தகராறு வந்தது. ஓய்வு கொடுத்த மாட்டுக்கும், இனித் தேறாது என்று தீர்த்துவைக்க வேண்டிய மாட்டுக்கும் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். தீர்த்துவைக்கிற வேலை க்ளோட் என்ற கிரியோல்காரருடையது. முன்பு மான் வேட்டைக்காரர்களோடு அலைந்தவர், குறி தப்பாத ஆள், சுடுவதற்கு முன் தொப்பியைக் கழற்றிவிடுவார். வியாழக்கிழமை வியாழக்கிழமை துப்பாக்கியோடு வடக்கே வருவார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. சீட்டை ஆடு தின்றது, மழை கரைத்தது, யாராவது படித்துச் சொன்னால்தான் க்ளோட்டுக்குத் தெரியும். ஆகவே ஒரு ஜூன் மாதம் கியூர்பிப்பில் கமிட்டி கூடிற்று. திருவேங்கடமும் ரயிலேறி, போர்லூயியில் வண்டி மாறி, நனைந்துகொண்டு போய்க் கதவோரம் நின்றார்.

மதாம் யோசனை சொன்னாள். இனிமேல் சீட்டு வேண்டாம். கொம்பிலே சாயம். ஓய்வுக்கு வெள்ளை, தீர்ப்பதற்குச் சிவப்பு. தூரத்திலிருந்தே தெரியும், மழையில் கரையாது, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் அவள் திரும்பி, “சிவப்பு சரிதானே, திர்வங்காடோம்?” என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அந்த ஒரு நொடியில் அவர் மனத்தில் ஏதோ முள்ளாய்த் தைத்தது. கொம்பு, சிவப்பு, தை மாதம். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மாட்டுக்கு ஒரு பண்டிகை உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது தோட்டத்துக் கிரியோல். அந்த அறையில் பேசியது பட்டுப்போன்ற பிரெஞ்சு. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள்.

“வி, மதாம்” என்றார் திருவேங்கடம். சரி, அம்மா.

சிவப்புச் சாய டப்பா ஒன்றும் வெள்ளை டப்பா ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த லாகூப் முழுக்க ஒரு குழப்பமும் இல்லை. திட்டம் அருமையாய் வேலை செய்தது. கிரியோலில் சிவப்புக்கு ‘ரூஸ்’. “அவன் மாட்டுக்கு ரூஸ் போட்டாச்சு” என்றால் கதை முடிந்தது என்று ஊருக்கே அர்த்தம் ஆகிவிட்டது. ஜூனில் தொடங்கியது டிசம்பரில் முடிந்தது. அதற்குள் ஒரு தை மாதம் குறுக்கிடவில்லை.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரே அப்படி இருந்ததால் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். திருவேங்கடம் அதோடு ஓர் அக்காவையும் சேர்த்துக்கொள்வார். புருஷன் போனபின் ஓர் அர்ப்பான், ஏறக்குறைய ஓர் ஏக்கர், கரும்பு நிலத்தைத் தனியாளாய்ப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இருந்தது ஒற்றை மாட்டு வண்டி ஒன்று, மடகாஸ்கர் மாடு ஒன்று. மயிலை என்று பெயர். விரித்துவைத்த கை மாதிரி பெரிய கொம்பு. அந்த மாடு இல்லையென்றால் அவளுடைய கரும்பு மில்லுக்குப் போகாது. அதனால் எதிர்வீட்டுப் பொன்னுசாமிக்குச் சொல்வதற்கும் முன்னால் திருவேங்கடத்துக்குச் சொல்லி அனுப்பி, மயிலையின் கழுத்தைக் காட்டினாள்.

புண் ஆழமாக இருந்தது. போர்லூயியிலிருந்து வந்த மாட்டு வைத்தியர் சிவப்பைப் பூசச் சொன்னார். திருவேங்கடம் அவரோடு அரை மணி நேரம் கிரியோலில் மல்லுக்கட்டி, வெள்ளையைப் பூசினார். ஒரு மாதம் தினமும் அந்தத் தெருவுக்கு வந்து சீழ் எடுத்துக் கட்டுக் கட்டினார். தை பிறக்கும்போது சதை கூடிவிட்டிருந்தது.

“பொங்கலுக்கு உங்க மாடு நிமிர்ந்து நிக்கும், அக்கா. தண்ணி மட்டும் படக்கூடாது. ஆத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடாதீங்க.”

“மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டாம இருக்க முடியுமா தம்பி?”

“துணிய நனைச்சுத் தொடச்சு விடுங்க, போதும். என் பேச்சைக் கேளுங்க.”

சின்னம்மா அவர் பேச்சைக் கேட்டாள்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் வியாழக்கிழமையில் வந்தது. அதற்கு முன்தினம் கால் முறிந்து, திருவேங்கடம் கையாலேயே சிவப்புப் பூசியிருந்த பொன்னுசாமியின் கிழமாடு தானாகவே செத்துப்போய், அதைப் புதைத்தும் ஆகிவிட்டது. அதைத் தீர்க்கத்தான் க்ளோட் வருவதாக இருந்தது. வர வேண்டாம் என்று தந்தி அடித்திருக்கலாம். பண்டிகை நாளில் தபாலாபீசுக்கு யார் நடப்பது, வந்தால் ஒரு தட்டு பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று திருவேங்கடம் இருந்துவிட்டார்.

விடிந்தும் விடியாததுமாய் ஊர் மாடுகள் எல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டன. ஆண்களும் போனார்கள். திருவேங்கடமும் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் யார் மாட்டுக்கோ முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். குளித்துக் கரையேறினபின்தான் கொம்புக்குச் சாயம். ஆற்றுக்குப் போகாதது மயிலை ஒன்றுதான். சின்னம்மா விடியலிலேயே அதைத் துடைத்து, நெற்றியில் மஞ்சள் வைத்து, பிழைத்து எழுந்த மாடாயிற்றே என்று இரண்டு கொம்பிலும் பழைய வெள்ளைக்கு மேலேயே அடியிலிருந்து நுனிவரை சிவப்பைத் தாராளமாய்ப் பூசினாள். கழுத்துக் கட்டை மாற்றினாள். வேலியோர மாமரத்தில் கட்டிவிட்டுக் கோயிலுக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டு போனாள்.

க்ளோட் தெருவுக்குள் வந்தபோது ஆள் நடமாட்டம் இல்லை. கழுத்தில் கட்டு, கொம்பில் சிவப்பு, ஒரு மாடு. சொன்ன தெரு, சொன்ன அடையாளம். சொந்தக்காரர் இல்லாத நேரமே நல்லது, அழுகையைக் கேட்க வேண்டாம் என்பது அவர் அனுபவம். தொப்பியைக் கழற்றினார்.

ஆற்றில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எவனோ வெடி போடுகிறான் என்று சிரித்தார்கள். திருவேங்கடத்துக்கு மட்டும் அது வெடி இல்லை என்று தெரியும். ஈர வேட்டியோடு ஓடினார். கொம்பு, சிவப்பு, தை மாதம். கியூர்பிப்பில் ஒரு நொடி தைத்த முள் இப்போது முழுசாய் உள்ளே இறங்கியிருந்தது. ஓடும்போதே தெரிந்துவிட்டது, எந்த வீடு என்று.

க்ளோட் மாமரத்தடியில் தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஓடி வருகிறவரின் முகத்தைப் பார்த்ததும், “ரூஸ், திருவேங்கடம்! கொம்பு ரூஸ்தானே?” என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அவருக்குப் பின்னால், கோயிலிலிருந்து தட்டோடு திரும்பிய சின்னம்மா வந்துகொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, மயிலையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதன் காதைக் கையால் நீவிவிட்டாள். கைநிறையச் சிவப்பு ஒட்டிக்கொண்டது. சாயம் இன்னும் காயவே இல்லை.

“நான் உன் பேச்சைக் கேட்டேன் தம்பி” என்றாள். “ஆத்துக்குப் போயிருந்தா இது இருந்திருக்கும்.”

அன்று வீட்டில் அலமேலு அவருக்குத் தட்டு வைத்தாள். அவர் கையை நனைக்கவில்லை. அவள் கேட்டாள்.

“ஏங்க, அந்தச் சீமாட்டிங்க சிவப்புன்னு சொன்னப்ப உங்களுக்கு ஞாபகமே வரலியா?”

அவர் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அலமேலுவுக்கு அதுவே பதிலாக இருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடிற்று. கனவான்களில் ஒருவர் காகிதம் ஒன்றைத் தயாராக எழுதிவைத்திருந்தார். சிவப்புக் குறியின் பொருள் கிராமத்தாருக்கு ஜூன் மாதமே முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதை அறிந்தும் சொந்தக்காரி தானே பூசியதால் சங்கம் பொறுப்பல்ல. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. அதுதான் திருவேங்கடத்துக்குத் தாங்கவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தார்கள்.

“நோன், மதாம்” என்றார். இல்லை, அம்மா.

அவர் தோட்டத்துக் கிரியோலிலேயே பேசினார். எங்களுக்கு மாட்டுக்கென்று ஒரு நாள் உண்டு. வருஷம் முழுக்க உழைத்ததற்கு அன்றைக்கு அதைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சிவப்புப் பூசி, நாங்கள் சாப்பிடுவதை முதலில் அதற்குக் கொடுப்போம். நீங்கள் சிவப்பு என்றபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. வந்தது, மதாம். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வந்தும் சொல்லாமல் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மதாம் ஜெனெவியேவ் கேட்டாள்: “நான் உன்னைக் கேட்டேனே, திர்வங்காடோம். ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கேட்டீங்களேன்னுதான் சொல்லல, மதாம். முதல் தடவையா கேக்கறீங்க, இல்லன்னு எப்படிச் சொல்றது? வாயில்லா நண்பர்கள்னு சங்கத்துக்குப் பேர் வச்சிருக்கீங்க. அன்னிக்கு இந்த ரூமுல அது நான்தான்.”

பித்தளை வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். காகிதம் கிழிந்தது. கொம்புச் சாயம் அன்றோடு ஒழிந்தது. அதற்குப் பதில் கழுத்தில் மர வில்லை, ஓய்வுக்கு வட்டம், தீர்ப்பதற்குச் சதுரம். அந்த யோசனை திருவேங்கடம் சொன்னது. போ பசான் தோட்டத்து மாடு நுகத்தடிக்குத் திரும்பக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். மதாம் அந்தச் சட்டத்தைத் தானே மீறி, தேறியிருந்த ஒரு மாட்டைச் சின்னம்மாவுக்கு அனுப்பினாள். பெயர் பிஜூ. நகை என்று அர்த்தமாம்.

பிஜூவை நடத்திக்கொண்டு வந்தது க்ளோட். ரயிலில் ஏற்ற மறுத்து, ஒன்றரை நாள் கூடவே நடந்து வந்தார். சின்னம்மா அவருக்கு மோர் கொடுத்து, உட்காரச் சொல்லி, பிஜூவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாததால் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கூடவே போன திருவேங்கடத்தை வேலிக்கு உள்ளே விடவில்லை.

“க்ளோட் என்ன பண்ணுவாரு பாவம், படிக்கத் தெரியாதவரு. அவங்க சொன்ன கலரைப் பாத்தாரு, சுட்டாரு. நீ நம்ம ஆளு. உனக்குத் தெரியும்.”

கமிட்டியில் சொன்னதை அவளிடமும் சொல்லலாம்தான். சொன்னால் அது மன்னிப்புக் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் திரும்பினார். எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

அந்த வருஷம் லாகூப் வந்தது. அவர் தெருவில் நுழைந்தால் கதவுகள் சாத்திக்கொண்டன. பெண்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவது நின்றது. மாடுகளின் கழுத்து எல்லாம் ஒரே கறுப்பாய் மினுங்கிற்று. அது என்ன கறுப்பு என்று அவருக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் அவரே பூசிவிட்ட பூச்சுதானே அது. கையை வைத்தால் கேஸ் போட வேண்டும். கேஸ் போட்டால் பத்து வருஷம் கட்டினது அடியோடு போகும். கை வைக்காவிட்டால் மாடு சாகும். அந்த ஆறு மாதத்தில் மூன்று மாடுகள் புழு வைத்துச் செத்தன, மூன்றும் மூன்று வாரத்தில் ஆறியிருக்கக்கூடிய புண்கள். ஒவ்வொன்றையும் புதைக்கிற இடத்தில் அவர் போய் நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அலமேலுவிடம் ஒரு நாள், “என்னைச் சுட்டிருக்கலாம்” என்றார். அவள், “பேத்தாதீங்க” என்று அதட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறுபடி தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று அவர் ஆற்றுக்குப் போகவில்லை. அலமேலு வெளியே போய்விட்டு வந்து, “சின்னம்மா அக்கா உங்கள வரச் சொன்னாங்க. இப்பவே” என்றாள். அவர் சட்டை மாட்டப் போனார். “தொப்பி வேணாமாம்” என்றாள்.

தெரு நெடுக மாடுகள் குளித்துவிட்டு நின்றன. மாலை இருந்தது, மஞ்சள் இருந்தது. ஒரு கொம்பில்கூடச் சாயம் இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஒரு மாட்டைத்தான் கொன்றோம் என்று திருவேங்கடம் அதுவரை நினைத்திருந்தார்.

மாமரத்தடியில் பிஜூ நின்றது. சின்னம்மா பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சிவப்பைக் குழைத்து, ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருந்தாள்.

“பாத்தியா தெருவ?”

“பாத்தேன் அக்கா.”

“வெறுங்கொம்போட நிக்குதுங்க, எழவு வீடாட்டம். பூசப் பயப்படறாங்க. மர வில்லை வந்தாச்சு, சாயம் கெடையாதுன்னு அந்த க்ளோட் வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ அங்க போய் என்ன பேசினேன்னும் சொன்னாரு.” கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். “நீயே பூசு.”

அவர் விரலால் தொட்டார். பிஜூ தலையைக் குனிந்து கொடுத்தது. தோட்டத்தில் சீமாட்டிகள் தடவிப் பழகின மாடு. ஒரு கொம்பு முடிந்தது. அடுத்த கொம்பின் நுனிக்கு வந்தபோது தெருவில் ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். சின்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“இது எந்த சொசியேத்தே சிவப்பு?”

“நம்ம சொசியேத்தே, அக்கா.”

“எனக்குக் கேட்டா போதுமா? சத்தமா சொல்லு.”

திருவேங்கடம் திரும்பி, தெருவைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார். “நம்ம சொசியேத்தே சிவப்பு! நம்ம மாட்டுக்கு நம்ம பூசறது!” அவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்பது அலமேலுவுக்கே அன்றுதான் தெரியும்.

யாரும் கைதட்டவில்லை. பிறகு எதிர்வீட்டுப் பொன்னுசாமி தன் புது மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலிக்குள் வந்தார். சாயக் கிண்ணத்தின் பக்கம் போவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் வாளியின் பக்கம் போனார். தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, மாட்டின் கழுத்தை அழுத்தித் துடைத்தார். இரண்டு தடவை, மூன்று தடவை. குளிப்பாட்டினபின் மறுபடி பூசியிருந்த கறுப்பு கரைந்து ஒழுகிற்று. அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த புண்.

“காட்டினா கேஸ் இல்லல்ல?” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

“கேஸ் இல்ல, அண்ணே.”

திருவேங்கடம் சிவப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குனிந்து புண்ணைப் பார்த்தார். பொன்னுசாமியின் துண்டு கரித்துணியாகக் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரரும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாளிப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.